நூறு இலைக்குக் குறையாமல்

என் மகன் தனசேகரன் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், கண்ணுக்குத் தெரியாத சரக்குக்கு இருப்புக் கணக்கு எடுக்கிற வேலையில் இருந்தான். அந்தச் சரக்குக்குக் கரும்பொருள் என்று பெயர். பிரபஞ்சத்தில் இருக்கிற பொருளில் பெரும்பங்கு அதுதானாம். வெளிச்சம் அடித்தால் தெரியாது, கையை நீட்டினால் தட்டுப்படாது, எடை மட்டும் உண்டு. எங்கள் ஆரணியில் பட்டுக்கு எடை ஏற்றுகிற இரண்டு பேரை எனக்குத் தெரியும் என்பதால் நான் இதை உடனே நம்பிவிட்டேன். மாதா மாதம் உதவித்தொகையும் வந்துகொண்டிருந்தது. ஆகையால் வீட்டில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

2001இல் அவன் தீபாவளிக்கு வந்திருந்தபோதுதான் என் தம்பி சுப்பராயலுவின் மகள் சுபலட்சுமிக்கு நிச்சயதார்த்தம் கூடிவந்தது. சுபலட்சுமி, தறியில் பூட்டுகிற டிசைன் அட்டை குத்தும் கடையில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை பாலமுருகன் தேவிகாபுரத்துப் பையன். செய்யார் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. அவன் வரும் கம்பெனி பஸ் தினமும் அந்த அட்டைக்கடை வாசலில் நின்று போகும். அது அங்கே நிற்க வேண்டிய பஸ் இல்லை. டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கொடுத்து பாலமுருகன் அதை அப்படிப் பழக்கியிருந்தான். ஒருநாள் அவன் லீவு போட்டிருந்தான். டிரைவரும் புது ஆள். அப்போதும் பஸ் அங்கே தானாக நின்றது என்று சொல்லிக்கொள்கிறார்கள். நான் நேரில் பார்க்கவில்லை.

பாலமுருகனுக்குத் தாய் தகப்பன் இல்லை. அத்தை கன்னியம்மாள்தான் வளர்த்தாள். பெண் பார்க்க வந்தவள் கூடத்தை ஒரு சுற்று பார்த்தாள். எங்கள் பக்கத்தில் சுப்பராயலு, அவன் மனைவி, நான், என் மனைவி, அவ்வளவுதான்.

"உங்க ஜனம் எங்க?" என்றாள்.

"வருவாங்க," என்றான் சுப்பராயலு.

"எப்போ வருவாங்க? போன வருசம் உங்க வூட்டுப் புதுமனைக்கு ஆக்குன சோத்த அப்படியே அண்டாவோட வண்டில ஏத்தி எங்கியோ அனுப்புனீங்களாமே? ஒருத்தரும் கை நனைக்கலியாமே? ஊரு தள்ளி வச்ச குடும்பமா நீங்க?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க."

"இல்லனா சரி. நிச்சயத்தன்னிக்கி நூறு இலைக்குக் கொறையாம உங்க ஜனம் உக்காந்து சாப்புடணும். அத நான் கண்ணால பாக்கணும். கை கழுவிகினு வந்தப்புறம் தட்டு மாத்திக்கலாம். இல்லியா, நாங்க பாட்டுக்கு பஸ் ஏறிப் போய்கினே இருப்போம்."

பாலமுருகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அத்தை பார்த்த பார்வையில் அதை அப்படியே கொட்டாவியாக மாற்றிக்கொண்டான்.

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்களுக்கு ஜனம் இல்லாமல் இல்லை. நானூறு பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எங்கேயும் மிஞ்சுவதில்லை. அதுதான் சிக்கல்.

அந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1983இல் ஆரணிப் பக்கத்துத் திருமலைக்கு அருகே எங்கள் உறவில் ஒரு காதுகுத்து. பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். பாதி வரிசை வரும்போது வாளி காலியானது. அடுத்த வாளி வந்தது. முதல் வாளியில் முந்திரி இருந்தது. இரண்டாவது வாளியில் இல்லை. வாளி மாறிய இடத்தில் எங்கள் ஜனம் இரண்டாகப் பிரிந்தது. அங்கே பட்டம்மாள், தெய்வானை என்று அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டம்மாளுக்கு முந்திரி விழுந்தது. தெய்வானைக்கு விழவில்லை. "வேணும்னே பண்ணாங்க" என்று இவள் சொல்ல, "முந்திரியே பாக்காத மாதிரி பேசறா" என்று அவள் சொல்ல, அன்றிலிருந்து முந்திரிக்காரர் இருநூறு பேர், வெறும்பாயசக்காரர் இருநூறு பேர். சுப்பராயலு அன்று வயிற்றுக்கோளாறு காரணமாக மோர் மட்டும் குடித்ததால் இரண்டிலும் சேரவில்லை. நான் பந்தியிலேயே இல்லை. காதுகுத்துக் குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒன்றை ஒரு மாடு விழுங்கிவிட்டது. அதன் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். விழுங்கியது ஒற்றைக் கொலுசு, திரும்பக் கிடைத்தது ஜோடி. அது வேறு கதை.

இந்த இரண்டு கட்சியும் சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை. சண்டையே கிடையாது. விசேஷ வீட்டில் ஒரு முந்திரிக்காரரும் ஒரு வெறும்பாயசக்காரரும் முகத்துக்கு முகம் பார்த்துவிட்டால், இரண்டு பேரும் அப்படியே திரும்பி ஆளுக்கொரு வழியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருவர் போய் மற்றவர் மட்டும் இருந்து சாப்பிட்டால், இருந்தவருக்கு மானத்தைவிடச் சோறு பெரிது என்று பெயர் வந்துவிடுமே. ஆகையால் எப்போதும் ஜோடியாகத்தான் போவார்கள். நானூறு பேரை அழைத்தால் ஒரு மணி நேரத்தில் சமையல்காரரும் நாங்களும்தான் மிச்சம். ஒரு கட்சியை மட்டும் அழைக்கலாமா என்றால், அழைக்காத கட்சி ஆயுசுக்கும் வாசல் மிதிக்காது.

அன்று சாயங்காலம் சுபலட்சுமி என்னிடம் வந்தாள்.

"பெரீப்பா, நூறு பேர நிக்க வைக்க முடியுமா முடியாதா, நேரா சொல்லுங்க."

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா ஆவாது. இது நின்னுபோச்சுன்னா நான் வேற எவனையும் கட்டிக்க மாட்டேன். அந்தக் கடையிலியே ஒக்காந்து கடைசி வரைக்கும் அட்டைல ஓட்ட போட்டுகினு இருப்பேன்."

அவள் சொன்னால் செய்வாள். ஆறாவது படிக்கும்போது இனி கத்திரிக்காய் தின்பதில்லை என்று சொன்னவள், இன்றுவரை தின்னவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைப் பற்றித்தான் பேச்சு. தனசேகரன் இட்லியைப் பிட்ட கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"நைனா, இது என் தீசிஸ்."

"உன் தீசிஸ்ல பாயசம் எங்கடா வந்துச்சு?"

"பாயசம் இல்ல நைனா. ஆரம்பத்துல பிரபஞ்சம் பூரா ஒரே நெரிசல். கரும்பொருள் துகள் ரெண்டு எதிரெதிர்ல மாட்டுச்சுன்னா ரெண்டுமே காலி. ஜோடி ஜோடியா அழிஞ்சிகினே இருந்துச்சு."

"எல்லாம் அழிஞ்சிபோயிருக்கணுமே?" என்றான் சுப்பராயலு.

"அதான் இல்ல சித்தப்பா. அதே நேரத்துல பிரபஞ்சம் விரிஞ்சிகினும் போச்சு. இருக்கறது கொறைய கொறைய, எடம் பெருசாக பெருசாக, மிச்சம் இருந்ததுக்கு எதிர்ல மாட்டறதுக்கு ஆளே கெடைக்கல. அழியறது நின்னுபோச்சு. அன்னிக்கு எவ்ளோ மிஞ்சிச்சோ, கிட்டத்தட்ட அதான் இன்னிக்கும் கீது. எவ்ளோ மிஞ்சியிருக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்றதுதான் என் வேலை."

"அப்போ நிச்சயத்துல எத்தினி பேரு மிஞ்சுவாங்கன்னு சொல்லிடுவியா?"

"ரெண்டு விசயம் தெரிஞ்சா சொல்லிடுவேன். எடம் எவ்ளோ பெருசு? ஒருத்தர ஒருத்தர் எவ்ளோ தூரத்துல அடையாளம் கண்டுக்கறாங்க?"

நிச்சயத்துக்குப் பிடித்திருந்த மண்டபம் சிறியது. அடையாளம் காண்கிற தூரத்தை மட்டும் அளக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தனசேகரன் டேப்போடு போய் உட்கார்ந்தான். முந்திரிக்காரர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வெறும்பாயசக்காரர் வருவார். எந்த இடத்துக்கு வந்ததும் இவர் டம்ளரை வைத்துவிட்டு எழுகிறார் என்று பார்த்து, அவர் போனபின் தரையை அளப்பான். ஆண்களுக்கு எட்டடி. கண்ணாடி போடாத பெரியவர்களுக்கு மூன்றடி. ஒருவர் மட்டும் எதிர்க்கட்சிக்காரரின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவருடைய டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போனார். அவரைக் கணக்கில் சேர்ப்பதா என்று தனசேகரன் வெகுநேரம் யோசித்தான்.

பெண்கள் விஷயம் வேறு. அதை அளக்க மார்க்கெட்டுக்குப் போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

"டேப்பு பத்தல நைனா. தெருவோட இந்தக் கோடில ஒருத்தி, அந்தக் கோடில ஒருத்தி. அவ முதுகத்தான் இவ பாக்கறா. உடனே ரெண்டும் கூடைய எடுத்துகினு திரும்பிடுச்சு. மூஞ்சியே பாக்காம எப்படி?"

"இன்னாண்ணா, இது தெரியாதா?" என்றாள் சுபலட்சுமி. "யாரு மூஞ்சியப் பாப்பாங்க? புடவையத்தான் பாப்பாங்க. எந்தக் கரை, எந்த வூட்டுத் தறி, யாருகிட்ட அட்டை குத்துனது, எல்லாம் முந்தானையிலியே எழுதி ஒட்டுன மாதிரி தெரியும். உனக்கு ஆராய்ச்சி சொல்லிக் குடுக்கற சாரு பெங்களூர்ல இருந்து வந்து நின்னாக்கூட, அவரு பொண்டாட்டி புடவையப் பாத்துட்டுதான் அவரு யாருன்னு சொல்லுவாங்க."

தனசேகரன் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். ஒரு மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடம் அது. கடைக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் காசு வேண்டாம், விடையை மட்டும் எனக்கும் சொல்லுங்கள் என்றார். விடை முப்பத்து நான்கு. வெளியே மைதானத்தில் வைத்தால் அறுபது வரை போகும் என்றான்.

"நூறுக்கு இன்னா வழி?" என்று கேட்டான் சுப்பராயலு.

"கோட்டை மைதானம் மாதிரி மூணு மைதானம் வேணும் சித்தப்பா. அதுவும் ஜனம் வர வர அதுங்க பெருசாகிகினே போகணும்."

சுப்பராயலு உண்மையாகவே விசாரிக்கப் புறப்பட்டான். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

சுபலட்சுமி சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். "அண்ணா, எடத்த விடு. இன்னொண்ணு சொன்னியே, அடையாளம் கண்டுக்கற தூரம். அது கொறஞ்சா?"

"கொறஞ்சா நெறைய மிஞ்சும். அதான் இதுல வேடிக்கையே. எது ஜாஸ்தியா மோதிக்குதோ அது கொஞ்சம்தான் மிஞ்சும். எது கண்டுக்காம போவுதோ அதுதான் மலை மாதிரி மிஞ்சும்."

"அப்போ கண்டுக்காம போக வச்சிடலாம்," என்றாள்.

சுப்பராயலுவின் குடோனில் பவர்லூம் புடவை முந்நூறு கிடந்தது. மெட்ராஸ் கடை ஒன்றுக்கு நெய்து, கடைக்காரர் பார்த்ததும் அதே லாரியில் திருப்பி அனுப்பிய சரக்கு. பச்சை என்று சொல்லலாம். சாயம் போட்டவன் எந்த நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு போட்டான் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஒருமுறை மொட்டை மாடியில் உலர்த்தியபோது எங்கிருந்தோ இரண்டு ஆடுகள் படியேறி வந்து நின்றதை நான் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே கரை, ஒரே முந்தானை.

விசேஷத்துக்கு நெருங்கின உறவுப் பெண்களுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுத்த புடவையை அன்று கட்டிக்கொண்டு வராவிட்டால் கொடுத்தவரை அவமதித்ததாகும். சுபலட்சுமி தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பட்டம்மாள் வீட்டில் குங்குமம் வைத்து, புடவையைக் கொடுத்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"பெரிம்மா, உங்க பக்கத்துக்கு மட்டுந்தான் குடுக்கறோம். வெளில சொல்லிடாதீங்க."

"அவளுங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"கலரு ஒரு மாதிரி கீதே. பரவால்ல. உங்க அப்பனுக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே."

அடுத்த தெருவில் தெய்வானை வீட்டில் அதே குங்குமம், அதே புடவை, அதே வார்த்தை. "சின்னம்மா, உங்க பக்கத்துக்கு மட்டுந்தான்." தெய்வானை புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நிறத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட ஒரே ஆள் அவள்தான்.

தனசேகரன் மறுபடி கணக்குப் போட்டுவிட்டு, நூற்றுப் பத்திலிருந்து நூற்று முப்பதுக்குள் மிஞ்சும் என்றான். தன் பேராசிரியருக்குக்கூட இவ்வளவு தைரியமாக ஒரு எண்ணைச் சொன்னதில்லை என்றான்.

நிச்சயத்தன்று பகல் பதினோரு மணிக்கு ஜனம் வரத் தொடங்கியது. பட்டம்மாள் வந்தாள். தூரத்தில் ஒரு பச்சைப் புடவை. நம்மாளுதான் என்று உள்ளே போனாள். தெய்வானை வந்தாள். உள்ளே முப்பது பச்சைப் புடவை. அடேயப்பா, நம்ம பக்கமே முதலில் வந்துவிட்டதே என்று பூரித்துப்போய் உள்ளே போனாள். பச்சை கட்டியவள் எல்லாம் தன் கட்சி என்று இரண்டு பக்கமும் நினைத்தது. பதினெட்டு வருஷமாகப் புடவையைப் பார்த்தே ஆளைச் சொல்லிப் பழகிய கண்கள். முகத்தைப் பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. யாரோ ஒருத்தி என்னிடம் வந்து, "பாத்தீங்களாண்ணா, அவளுங்க ஒருத்திகூட வரல" என்று சந்தோஷப்பட்டாள். அவள் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தவள் எதிர்க்கட்சி.

ஆண்களில் சில ஜோடி வாசலிலேயே கழன்றது. மற்றவர்கள் மனைவியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. அவள் இருக்கும்போது தான் மட்டும் புறப்பட்டுப் போனால் மத்தியானச் சோற்றுக்கு எங்கே போவது? நின்றார்கள்.

தனசேகரன் வாசலருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தான். பன்னிரண்டரைக்கு என்னிடம் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"நைனா, முந்நூத்தி எழுபது பேரு கீறாங்க."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? நான் நூத்தி முப்பதுன்னு சொன்னேன். மூணு மடங்கு தப்பு. கண்டுக்காம போவாங்கன்னுதான் கணக்கு போட்டேன். இவங்க போய் ஒட்டிக்கறாங்க. என் சமன்பாட்டுல ஒட்டறதே கெடையாது."

"சாப்புட்டு அப்புறம் திருத்திக்கோ."

"பசிக்கல," என்றான்.

முதல் பந்தி உட்கார்ந்தது. கன்னியம்மாளின் ஜனம் ஒரு வரிசை. எங்கள் ஜனம் நூற்றிருபது இலை. உட்கார்ந்தவர்களின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வேறு நின்றார்கள். சுப்பராயலு இருபது வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்ததால், அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் அவஸ்தைப்பட்டான். சுபலட்சுமி மேடையில் இருந்தபடி இலைகளை எண்ணினாள். பாலமுருகனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

கடைசிப் பந்தியும் முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். தட்டில் பழம், வெற்றிலை, பூ, புடவை எல்லாம் தயார். கன்னியம்மாள் எழுந்து கூடத்தை ஒரு சுற்று பார்த்தாள். முதல் வரிசையைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். பிறகு சுப்பராயலுவைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"எங்க ஜனங்க."

"எல்லாம் ஒரே புடவ கட்டிகினு கீதுங்க?"

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"மீட்டிங்குக்கு லாரில ஏத்திகினு வர்றவங்களுக்குத்தான் இப்படி ஒரே புடவ குடுப்பாங்க." கன்னியம்மாளின் குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நூறு இல கேட்டேன்னு கூலிக்கு ஆளு புடிச்சிகினு வந்துட்டீங்களா?"

"ஐயோ, எல்லாம் சொந்தக்காரங்க!"

அவள் பக்கத்தில் நின்ற பெண்ணைக் கேட்டாள். "நீ பொண்ணுக்கு இன்னா மொறை?"

"அத்தை மொறை."

"நீ?"

"பெரிம்மா."

"சொல்லிக் குடுத்திருப்பாங்க," என்றாள் கன்னியம்மாள். "மெட்ராஸ் மீட்டிங்குல கேட்டாக்கூட எல்லாரும் தலைவருக்குத் தங்கச்சின்னுதான் சொல்லுவாங்க. பாலமுருகா, தட்ட எடுத்து பைல வை. பஸ்ஸுக்கு நேரமாவுது."

பாலமுருகன் தட்டைத் தொடவில்லை. "அத்த..." என்றான். சுப்பராயலு என்னைப் பார்த்தான். ஊரில் எவ்வளவோ கதை சொல்லி நம்ப வைத்தவன் நான். அன்று உண்மையைச் சொல்ல வேண்டியிருந்ததால் எனக்கு ஒன்றும் வரவில்லை.

சுபலட்சுமி மேடையிலிருந்து இறங்கினாள். நிச்சயப் பெண் அப்படி இறங்கக் கூடாது. கூட்டத்துக்குள் போனாள். பட்டம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த நாற்காலியில் தெய்வானை பாக்கு மென்றுகொண்டிருந்தாள். நடுவில் ஒரு சாண் இடைவெளி. சுபலட்சுமி அங்கே நின்று, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பெரிம்மா, சின்னம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் திரும்பி, பக்கத்துல யாருன்னு மூஞ்சியப் பாருங்க."

தனசேகரன் கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். வழக்கப்படி எழுந்து ஆளுக்கொரு பக்கமாகப் போயிருக்க வேண்டும். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியாகிவிட்டது. கோபித்துக்கொண்டு போவதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது? போக வழியில்லாத கோபம் வாய்க்கு வந்தது.

"நீயா!" என்றாள் பட்டம்மாள். "உனக்கு யாருடி இந்தப் புடவ குடுத்தது?"

"எனக்குத்தான் குடுத்தாங்க. நீ எங்க திருடுன?"

"நான் திருடறனா? நம்ம அம்மா காசுமாலைய நகைக்கடைக்குக் கழுவ எடுத்துகினு போறேன்னு போயி இன்னி வரைக்கும் கழுவிகினு கீறவ நீ!"

"அம்மா எனக்குத்தான் குடுத்தாங்க! நீ சின்ன வயசுலியே எல்லாத்தையும் வழிச்சி நக்கிட்டியே! அன்னிக்கி அந்த வாளில கரண்டிய உள்ள வுட்டு அலசச் சொன்னதே நீதானே! முந்திரிய மேல கொண்டா மேல கொண்டான்னு பரிமாறுறவன் கைய நீ புடிச்சதை நான் பாக்கலியா?"

"ஆமாண்டி, பாத்திருப்ப! உன் கண்ணு உன் இலைல எப்போ இருந்துச்சு? நான் பேறுகாலத்துக்கு வந்தப்பவே என் இலைய எண்ணுனவதானே நீ!"

"நீ பெத்ததுக்கு மருந்து அரைச்சவ நானு! உன் புருசன் சைக்கிள்ல இருந்து உழுந்து கெடந்தப்போ தூக்கிகினு வந்தவன் என் புருசன்! அந்த மனுசனுக்கு ஒரு முந்திரி போடலியே நீ!"

அந்தக் கடைசி வார்த்தையில் மண்டபம் இரண்டாக வெடித்தது. பச்சைப் புடவைகள் ஒன்றையொன்று பார்த்தன. பதினெட்டு வருஷம் வாயைத் திறக்காமல் வீட்டுக்குத் திரும்பிப்போன அந்த முந்நூற்று எழுபது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் வீட்டு வளைகாப்புக்கு யார் வளையல் போடவில்லை, யார் மகன் பத்தாவதை எத்தனை தடவை எழுதினான், யார் மாமனார் செத்தபோது யார் சிரித்தார் என்று எல்லாம் வந்தது. மேலே தொங்கிய ஃபேன் அந்தச் சத்தத்தில் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. மண்டபத்து வாட்ச்மேன் இதற்குச் சாட்சி.

கன்னியம்மாள் பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சகோதரிகள் பக்கம் நகர்ந்தாள். பட்டம்மாளைப் பார்த்துக் கேட்டாள்:

"காசுமாலை எத்தினி பவுனு?"

"ஏழு பவுனுங்க!"

"பொய்! அஞ்சரை!" என்றாள் தெய்வானை.

"பெரியவளுக்கு இன்னா போட்டாங்க?"

"ரெட்டவடச் சங்கிலி! அத ஏன் சொல்ல மாட்டேங்கறா, கேளுங்க!"

கன்னியம்மாள் பட்டம்மாளின் கழுத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு சுப்பராயலு பக்கம் திரும்பினாள்.

"கூலிக்கு வந்தவளுக்கு இதெல்லாம் வராது. மீட்டிங்கு ஜனம் பொட்டலம் வாங்கிகினு சத்தம் போடாம போயிடும். இது சொந்தம்தான். ரொம்ப சொந்தம்." பையைத் திறந்தாள். "எடுங்க தட்ட. ஜல்தி. அந்தச் சின்னவ செருப்பக் கழட்டிட்டா. கைகலப்பு ஆச்சுன்னா அப்புறம் போலீசு வந்துதான் தட்டு மாத்தணும்."

தட்டு மாறியது. சுப்பராயலு அவசரப்பட்டு நீட்டியதில் ஒரு வாழைப்பழம் மட்டும் கீழே விழுந்தது. பெரியவர் ஒருவர் எழுந்து நின்று லக்னப் பத்திரிகையை உரக்கப் படித்தார். அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் காதைக் குடைந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். படித்து முடித்தவர் மடித்து நீட்டியதை கன்னியம்மாள் அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு, காசுமாலை விவகாரத்தைக் கேட்கத் திரும்பிவிட்டாள்.

பாலமுருகன் மேடையில் ஒரு ஓரம், சுபலட்சுமி மறு ஓரம். நடுவில் ஐந்தாறு பெரியவர்கள் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். அவன் தலையை நீட்டி, புருவத்தை உயர்த்தி, கையை விரித்து, கல்யாணம் எப்போது என்று கேட்டான். அவளுக்குப் படித்தது கேட்டிருந்தது. பெரியவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். முதலில் பத்து விரலையும் காட்டினாள். அப்புறம் இரண்டு. பிறகு கரும்பை ஒடித்துக் கடிக்கிற மாதிரி செய்து காட்டினாள். தை மாதம் பன்னிரண்டாம் தேதி என்பது அவனுக்கு உடனே புரியவில்லை. பாவம், அவன் அதைப் பசி என்று நினைத்துக்கொண்டு, பந்தி நடந்த பக்கம் அவளைக் கூட்டிப்போக எழுந்தான்.